கிளவுட் திரும்பி வந்த காலை

கிளவுட் நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குப் பெரிதாகப் பயம் வராது. திரும்பி வந்துவிட்டது என்று சொன்னால்தான் பயம் வரும்.

போன மாதம் மன்னார் பசாரில் ஒரு மருந்துக்கடையில் நின்றேன். கணினி வேலை செய்யவில்லை. வரிசை வாசல்வரை வந்துவிட்டது. உள்ளே இருந்த பிள்ளை, "கிளவுட் நிண்டுபோச்சு அன்ரி, கொஞ்சம் பொறுங்கோ" என்றாள். பொறுத்தேன். கொஞ்ச நேரத்தில் "ஆ, வந்திட்டுது!" என்று அவள் சொன்னதும் வரிசையில் நின்ற எல்லோருடைய முகமும் மலர்ந்தது. என் முகம் மட்டும் மலரவில்லை. அவள் எடுத்துத் தந்த மருந்தைச் சீட்டோடு இரண்டு தரம் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பின்னால் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

நான் வேலை செய்தது, நிலத்தில் புதைந்த மிதிவெடிகளை அகற்றும் ஒரு நிறுவனத்தின் படப் பகுதியில், வரைபடம் கீறும் வேலை. ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. இப்போது என் கதிரையில் இருந்து என் வேலையைப் பார்க்கும் டிலானி அண்மையில் தொலைபேசியில் கேட்டாள்.

"அக்கா, சுவரில ஒரு விதி ஒட்டிக் கிடக்கு. கிளவுட் நிண்டு திரும்பினா, படப் பகுதி சொல்லும்வரைக்கும் ஒருத்தரும் டெப்பைத் திறக்கக் கூடாது எண்டு. நிக்கேக்கை அல்லோ பயப்பிட வேணும்? வந்தாப் பிறகு என்ன பயம்?"

தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

நான் தலைமன்னாரில் பிறந்தவள். அப்பாவுக்கும் அண்ணன்மாருக்கும் கடல்தான் தொழில். எனக்குப் படம் கீறும் கை வாய்த்திருந்ததால் படவரைஞர் பயிற்சிக்குப் போய், ஒரு அரசாங்கக் கந்தோரில் காணி வரைபடம் கீறும் வேலையில் சேர்ந்தேன். பிறகு யுத்தம், இடப்பெயர்வு, முகாம், மீள்குடியேற்றம். அந்த வருடங்களை இங்கே எழுதப்போவதில்லை. திரும்பி வந்தபோது கட்டுக்கரைக் குளத்தின் கீழே வயல்கள் அப்படியே இருந்தன. ஆனால் பல இடங்களில் கால் வைக்க முடியாது. படம் கீறத் தெரிந்தவர்களை அந்த நிறுவனம் தேடியது. போனேன்.

அங்கே களப்பணிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் துரைசிங்கம் சேர். முன்னர் நில அளவையாளராக இருந்தவர். மெலிந்த, நிமிர்ந்த உடம்பு. குரல் உயர்த்திப் பேசமாட்டார். அவரைப் பற்றிச் சொல்ல இரண்டு விஷயங்கள் போதும். ஒன்று, அவர் புல்லில் கால் வைக்கமாட்டார். மன்னார் பட்டினத்தில்கூடத் தார் றோட்டின் ஓரத்துக்கு இறங்காமல்தான் நடப்பார். வாகனம் ஹோர்ன் அடித்தாலும் நின்று, கீழே பார்த்து, பிறகுதான் விலகுவார். மற்றது, யார் எதைச் சொன்னாலும் அவர் ஒரே கேள்விதான் கேட்பார்: "பாத்தனீரோ, கேட்டனீரோ?" கேட்டதாகச் சொன்னால் அந்தச் செய்தி அவருக்குச் செய்தியே இல்லை.

நான் சேர்ந்த முதல் கிழமையே என்னைக் களத்துக்குக் கூட்டிக்கொண்டுபோனார். "படம் கீறுற ஆள் ஒருக்கா முழங்காலில இருந்து பாக்க வேணும்" என்றார். பாரமான மார்புக் கவசம், முகத்தை மூடும் கண்ணாடித் தடுப்பு, குறுகலான ஒரு பாதை, இரண்டு பக்கமும் சிவப்புக் குச்சிகள். முன்னால் இருக்கும் மண்ணை நகத்தால் சுரண்டுவதுபோல மெல்லமெல்ல எடுக்கவேண்டும். என் மூச்சு கண்ணாடியில் பட்டு மங்கிக்கொண்டேயிருந்தது. ஒரு சாப்பாட்டுக் கோப்பை அகல மண்ணைக் கிளறி முடிக்கும்போது என் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அது ஏற்கெனவே துப்புரவாக்கப்பட்ட பயிற்சி நிலம். எனக்கு அது தெரிந்தும் அவசரப்பட முடியவில்லை.

திரும்பி வரும்போது சேர் சொன்னார்: "நீர் படத்தில கீறுற கோடு இருக்கெல்லோ, அதின்ர தடிப்புக்குள்ள நிலத்தில ஒரு ஆள் நிக்கலாம். அதை மறந்து கோடு கீறாதேயும்."

மறந்து கீறியதில்லை.

பல வருடங்கள் எங்கள் வேலை காகிதத்தில்தான் நடந்தது. ஒவ்வொரு பின்னேரமும் அணித் தலைவிகள் அன்றைய அளவுகளைக் கொண்டுவருவார்கள். எங்கள் அணிகளில் பாதிக்கு மேல் பெண்கள்தான். எவ்வளவு தூரம் முடிந்தது, எந்த இடத்தில் வெடி எடுத்தது, எல்லாவற்றையும் நான் பெரிய படத்தில் ஏற்றுவேன். சிவப்பு என்றால் ஆபத்து, பச்சை என்றால் காணிக்காரரிடம் கொடுக்கலாம்.

பிறகு தலைமைக் கந்தோர் எல்லாவற்றையும் கிளவுட்டுக்கு, இணையத்தின் வழியாக எட்டும் தூரத்துக் கணினிகளுக்கு, மாற்றியது. அணித் தலைவிகளின் கையில் ஆளுக்கொரு டெப், தட்டையான கைக்கணினி, கொடுத்தார்கள். அவர்கள் களத்தில் நின்று புள்ளி வைத்தால், முருங்கனில் எங்கள் கந்தோரில் இருக்கும் என் திரையில் அந்தப் புள்ளி உடனே தோன்றும். நான் சின்னப் பிள்ளைபோல சந்தோஷப்பட்டேன். பயிற்சி தர வந்தவர் கொழும்பு ஆள், நல்ல பொறுமைசாலி. சேர் அவரிடம் கேட்டார்: "இது நிண்டுபோனா என்ன செய்யிறது?"

"டெப்புக்குள்ளையும் ஒரு பிரதி இருக்கும் சேர். இன்ரர்நெற் இல்லாட்டியும் வேலை செய்யலாம். கிளவுட் வந்த உடன தானாச் சேர்ந்துகொள்ளும்."

சேருக்கும் எனக்கும் அது போதுமாக இருந்தது. கூடுதல் பாதுகாப்புக்கு மாதத்துக்கு ஒரு தரம் எல்லாவற்றையும் ஒரு டிஸ்க்கில் பிரதி எடுத்து அலுமாரியில் பூட்டி வைப்பதென்று முடிவெடுத்தோம். கிளவுட் நிற்பதற்கு எங்களிடம் திட்டம் இருந்தது. அது எப்படித் திரும்பி வரும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அந்த மாரியில் கட்டுக்கரைப் பக்கம் செல்வராசா என்ற கமக்காரரின் வயலுக்குப் பக்கத்தில் ஜெசிந்தாவின் அணி வேலை செய்தது. ஜெசிந்தா எங்கள் அணித் தலைவிகளில் மிகத் துணிச்சலானவள். செல்வராசாவின் வயல் முன்பே பச்சையாக்கி அவரிடம் கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் பக்கத்துத் துண்டில் வெடிகள் போன வரிசையைப் பார்த்தபோது, அந்த வரிசை எல்லையோடு நிற்காமல் அவருடைய வயலின் கீழ்ப்பக்கத்துக்குள் நுழைவது தெரிந்தது. ஜெசிந்தா எல்லைக்கு அப்பால் சோதித்துப் பார்த்தாள். வெடி இருந்தது. பிறகு இன்னொன்று.

அவள் டெப்பில் வயலின் கீழ்ப்பக்கத்தை மறுபடி சிவப்பாக்கினாள். நான் அதைத் திரையில் சரிபார்த்தேன். சிவப்புக் குச்சிகள் நட்டு நாடா கட்டினார்கள். செல்வராசா எரிந்து விழுந்தார். "தந்த காணியைத் திருப்பிப் பறிக்கிறியளோ?" என்று கேட்டார். அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. மேற்பக்கத்தில் மட்டும் விதைத்தார்.

அதற்குப் பிறகுதான் அந்த மழை வந்தது. நாட்கணக்காக விடாமல் பெய்தது. குளம் வழிந்தது. வயலும் வாய்க்காலும் றோட்டும் ஒன்றாகின. வேலையை நிறுத்தி அணிகளை வீட்டுக்கு அனுப்பினோம். தண்ணீர் குறைந்தபோது எங்கள் குச்சிகளும் நாடாக்களும் வயலில் இல்லை. ஏதோ ஒரு வேலியில் சிக்கிக் கிடந்ததாக யாரோ சொன்னார்கள்.

வெள்ளத்தோடு சம்பந்தமில்லாமல் அதே நாட்களில் கிளவுட்டும் நின்றது. எங்கோ தூர தேசத்தில், தரவுகளை வைத்திருக்கும் நிலையத்தில் பெரிய பழுது என்று செய்தி வந்தது. நான் பதறவில்லை. டெப்புகளில் பிரதி இருக்கிறதே!

ஒரு காலை கந்தோருக்குப் போனபோது வெள்ளத்தில் நின்றிருந்த மின்சாரம் வந்திருந்தது. திரையில் "சேவை வழமைக்குத் திரும்பியுள்ளது" என்ற அறிவித்தல் இருந்தது. "நன்றி மாதாவே" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு படத்தைத் திறந்தேன். வெள்ளத்தில் குச்சிகள் போன இடங்களை முதலில் பார்க்க வேண்டும் என்று செல்வராசாவின் வயலைத் தேடினேன்.

வயல் முழுக்கப் பச்சை.

வேறு வயலைப் பார்க்கிறேனாக்கும் என்று நினைத்தேன். காணி இலக்கத்தைப் பார்த்தேன். அதே வயல்தான். ஜெசிந்தா வெடி எடுத்த புள்ளிகள் இல்லை. மற்றக் களங்களைத் திறந்தேன். அங்கேயும் கடைசியாகச் செய்த வேலைகள் ஒன்றும் இல்லை. பழுதைத் திருத்தியவர்கள் எங்கள் படத்தின் பழைய பிரதி ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

என் மேசையில் கந்தோர் டெப் ஒன்று சார்ஜில் கிடந்தது. எட்டி எடுத்துத் திறந்தேன். அதில் செல்வராசாவின் வயலின் கீழ்ப்பக்கம் சிவப்பாகவே இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு முடியவில்லை, திரை ஒருமுறை வெட்டியது. என் கண்ணுக்கு முன்னாலேயே சிவப்பு அழிந்து பச்சை பரவியது. மூலையில் ஒரு சின்னச் சரி அடையாளம் வந்தது: "ஒருங்கிணைக்கப்பட்டது."

கிளவுட்டில் இருப்பதே சரியான படம், அதைப் பார்த்து உன்னைத் திருத்திக்கொள் என்றுதான் டெப்புகளுக்குச் சொல்லி வைத்திருந்தோம். அவை சொன்னபடி செய்தன. கிளவுட் பழசோடு திரும்பி வந்திருக்கிறது. இனி எந்த டெப் நெற்றைத் தொடுகிறதோ, அதற்குள் இருக்கும் புதிய படம் அந்த இடத்திலேயே அழிந்துவிடும். பிரதிகள் என்று நாங்கள் நம்பியிருந்தவை பிரதிகளே அல்ல. எல்லாம் ஒரே படத்தின் நிழல்கள்.

சேரின் அறைக்கு ஓடினேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்டார்: "பாத்தனீரோ, கேட்டனீரோ?"

"பாத்தனான் சேர். என்ர கண்ணுக்கு முன்னால மாறினது."

அவர் எழுந்து நின்றார். அலுமாரியில் இருந்த டிஸ்க்கை எடுத்துப் பார்த்தோம். அந்த மாதப் பிரதி, செல்வராசாவின் வயலை மறுபடி சிவப்பாக்குவதற்கு முன் எடுத்தது. ஜெசிந்தாவின் அறிக்கைகளும் அதே கிளவுட்டில்தான் இருந்தன. அவையும் போய்விட்டன.

ஒவ்வொரு அணித் தலைவியையும் தொலைபேசியில் எடுத்தோம். டெப்பைத் திறக்க வேண்டாம் என்று சொல்வதற்குள், "ஓம் அக்கா, விடியவே வந்திட்டுது, எல்லாம் வடிவா வேலை செய்யுது" என்று அவர்கள் சந்தோஷமாகச் சொன்னார்கள். ஒவ்வொரு முறை அதைக் கேட்கும்போதும் சேரின் முகம் இன்னும் கொஞ்சம் வெளிறியது.

கடைசியாக, ஊர்ச் சனங்களோடு தொடர்பு வைக்கும் அலுவலர் ரமணனை எடுத்தோம். செல்வராசாவின் வயல் மறுபடி சிவப்பானபோது ரமணன் லீவில் நின்றவன். ஒலிபெருக்கியில் அவன் குரல் கேட்டது.

"சேர், நல்லகாலம் கிளவுட் வந்தது. செல்வராசா அண்ணை காலமை வெள்ளனவே என்ர வீட்டடிக்கு வந்திட்டார். வெள்ளத்தில பயிர் அழிஞ்சு போச்சாம், திருப்பி உழுது விதைக்கப்போறாராம். கீழ்ப்பக்கத்தையும் உழலாமோ எண்டு கேட்டவர். டெப்பில பாத்துச் சொன்னனான், முழுக்கப் பச்சை எண்டு."

ரமணன் "ஹலோ, ஹலோ" என்றான்.

"அவருக்கு உடன கோல் எடும்" என்றார் சேர். "நிப்பாட்டச் சொல்லும்."

"அந்தப் பக்கம் டவர் வேலை செய்யேல்லை சேர். அதாலதான் அவர் நேர வந்தவர்."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஜெசிந்தா?"

ஜெசிந்தாவின் தொலைபேசி மட்டும் எடுபடவில்லை. அவளுடைய புருஷன் மறிச்சுக்கட்டிக்கு அப்பால் கடற்கரையில் மீனவர் குடிசையான வாடி போட்டு, அந்தப் பருவத்துக்கு மீன்பிடித்துக்கொண்டிருந்தார். வேலை நின்றதும் அவளும் அங்கே போயிருந்தாள். அங்கே சிக்னல் கிடைப்பது அருமை. அவள் டெப் ஒன்றுதான் மிச்சம்.

"நான் வயலுக்குப் போறன்" என்றார் சேர். "அம்புலன்சையும் கூப்பிடுறன், கிட்ட இருக்கிற ஆக்களையும் எடுக்கிறன். ஆனா எங்க கால் வைக்கலாம், எங்க வைக்கக் கூடாது எண்டு அந்தப் படம் இல்லாமத் தெரியாது. நீர் அவவிட்டப் போம். டெப்பை நெற் தொட விடாதேயும்."

சாரதி அந்தோனியோடு ஜீப்பில் ஏறினேன். சிலாவத்துறை தாண்டியதும் றோட்டின் இரண்டு பக்கமும் சேற்றுத் தண்ணீர். தாழ்வான ஒரு சப்பாத்துப் பாலத்தின் மேலால் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தோனி நிறுத்தி, இறங்கி, ஆழம் பார்த்து, "அக்கா, கண்ணை மூடிக்கொண்டு செபம் சொல்லுங்கோ" என்றான். என்னால் முடியவில்லை. கண்ணை மூடினால் பச்சைதான் தெரிந்தது. நாங்கள் இங்கே தண்ணீரில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது செல்வராசாவின் டிராக்டர் எந்த வரம்பில் திரும்புகிறதோ என்றே மனம் ஓடியது. தொலைபேசியைப் பார்த்தேன். சிக்னல் ஒரு கோடு வந்தது, போனது. ஒரு கோடு வந்தாலே போதுமே, அவளுடைய டெப்பில் எல்லாம் அழிவதற்கு!

வாடியில் ஜெசிந்தாவின் புருஷன் வலை உலர்த்திக்கொண்டு நின்றார்.

"ஜெசிந்தா எங்க அண்ணை?"

"இப்பத்தான் மணல்மேட்டுக்குப் போறா. சிக்னல் பிடிச்சு ஒஃபிசுக்கு எடுக்கப் போறன் எண்டவ."

"டெப்?"

"அதையும் கொண்டுதான் போனவ."

செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். எனக்கு அப்போதே மூட்டுவலி. மணல் காலை உள்ளே இழுத்தது. மேட்டின் உச்சியில் ஜெசிந்தா நின்றாள். ஒரு கையில் தொலைபேசி. மற்றக் கையில் டெப்பைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்து, சிக்னலுக்காக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"நிப்பாட்டு! அதை நிப்பாட்டு!"

காற்று என் குரலைக் கடலுக்குக் கொண்டுபோனது. அவள் என்னைக் கண்டுவிட்டு, என்னைப் பார்த்த சந்தோஷத்தில் டெப்பையே ஆட்டிக் கை காட்டினாள். நான் நாலு காலில் ஏறுவதுபோல மணலில் கையை ஊன்றி ஏறினேன். பக்கத்தில் போனதும் டெப்பைப் பறித்தேன். அவள் திடுக்கிட்டுப் பின்னால் போனாள். அவசரத்தில், தொடர்பைத் துண்டிக்கும் ஃபிளைற் மோட்டை இரண்டு மூன்று தரம் தவறவிட்டேன். பிறகுதான் படத்தைத் திறந்தேன்.

கீழ்ப்பக்கம் சிவப்பு. புள்ளிகள் எல்லாம் இருந்தன.

மணலிலேயே குந்திவிட்டேன். ஜெசிந்தா என் தோளைப் பிடித்து, "என்னக்கா, ஆருக்கும் என்னவுமோ?" என்று கேட்டாள். செல்வராசா உழப்போன கதையைச் சொன்னேன். அவள் முகத்தில் இருந்த இரத்தம் இறங்கியதைப் பார்த்தேன். "அந்த வயலில நானே எடுத்தனான்" என்றாள். "வரிசை இன்னும் முடியேல்லை அக்கா. இன்னும் கிடக்கு." புருஷனிடம் சொல்லாமலே ஜீப்பில் வந்து ஏறினாள்.

திரும்பும் வழி முழுக்க டெப்பை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தேன், யாராவது பறித்துவிடுவார்கள் என்பதுபோல. ஃபிளைற் மோட் போட்டிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் பத்து அடிக்கு ஒரு தரம் பார்த்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வயல்கரை றோட்டில் அம்புலன்ஸ் நின்றது. சத்தமே இல்லை. சேர் தார் விளிம்பில் நின்றார். வயலின் கீழ்ப்பக்கத்தில் டிராக்டர் சேற்றில் புதைந்து நின்றது. ஆசனத்தில் செல்வராசா. றோட்டிலிருந்து வயலுக்குள் போகும் வரம்பில், பாதி வழியில், கையில் தேத்தண்ணிப் போத்தலோடு அவருடைய மனைவி பரமேஸ்வரி, சிலைபோல.

சேர் வந்தபோது செல்வராசா சேற்றில் இறுகிய சில்லைப் பார்க்க இறங்குவதற்கு ஒரு காலைத் தூக்கிவிட்டாராம். சேர் குரல் உயர்த்திக் கத்தியதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டதாக எங்கள் அம்புலன்ஸ்காரர் பிறகு சொன்னார். அந்த வெடிகள் சின்னவை. டிராக்டர் தாங்கும். மனிதக் கால் தாங்காது. அதே நேரம் பரமேஸ்வரி புருஷனுக்குத் தேத்தண்ணியோடு வரம்பில் போய்க்கொண்டிருந்தாள். அவளையும் நின்ற இடத்திலேயே நிறுத்தியிருக்கிறார். அவள் நிற்கும் வரம்பு சிவப்புக்குள்ளா, வெளியிலா? யாருக்கும் தெரியாது. நாங்கள் வரும்வரை அந்த இருவரும் அப்படியே இருந்திருக்கிறார்கள்.

சேர் டெப்பை வாங்கவில்லை. "நீர் பாத்துச் சொல்லும்" என்றார். றோட்டோரத்தில் எங்கள் அளவுக்கல் வெள்ளத்துக்கு அசையாமல் நின்றது. அதிலிருந்து திசையையும் தூரத்தையும் நான் வாசிக்க, ஜெசிந்தா நாடாவைப் பிடிக்க, சேர் அளவைக் கருவியால் பார்த்தார். இரண்டாம் தரமும் பார்த்தோம். வரம்பில் ஒரு மருதமரம் நின்றது. சிவப்பு அந்த மரத்தோடு தொடங்கியது. பரமேஸ்வரி மரத்துக்கு அப்பால் நின்றாள்.

அதை அவளிடம் எப்படிச் சொல்வது? ஜெசிந்தாதான் சொன்னாள்.

"அக்கா, பயப்பிடாதேங்கோ. நீங்கள் போன அடி சேத்தில தெரியுது. திரும்பேக்கை அதே அடியில, அதே மாதிரிக் காலை வைச்சு வாங்கோ. அவசரமில்லை. ஒவ்வொண்டாப் பாத்து வையுங்கோ."

பரமேஸ்வரி போத்தலைக் கீழே வைக்கப் போனாள். "வையாதேங்கோ, கையிலயே வைச்சிருங்கோ!" என்று நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அவள் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தன் அடிகளைத் தானே தேடித்தேடி வந்தாள். மருதமரத்தைத் தாண்டியதும் அதன் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். றோட்டுக்கு வா என்று கூப்பிட்டோம். "அவர் அங்க இருக்கேக்கை நான் வரமாட்டன்" என்றாள்.

செல்வராசா அங்கிருந்து கத்தினார்: "வந்த சில்லுத் தடத்தில நான் நடந்து வாறனே!"

"வேண்டாம் அண்ணை" என்றார் சேர். "தடத்துக்கு மேலால உங்கட கலப்பை கிளறிப்போட்டுது. எது எங்க பிரண்டு கிடக்கெண்டு தெரியாது. வெள்ளமும் போயிருக்கு. இறங்காதேங்கோ. நாங்கள் உங்களிட்ட வாறம்."

சேர் தேடிப் பிடித்த இரண்டு பெண் பணியாளர்களும் கவசம் போட்டுத் தயாராக இருந்தார்கள். ஜெசிந்தா ஒரு கவசத்தை வாங்கிக் கட்டினாள். மருதமரத்தடியிலிருந்து டிராக்டர்வரை ஒரு பாதை. ஈரமண்ணில் வழக்கமாக நாங்கள் வேலை செய்வதே இல்லை. உலோகம் தேடும் கருவியை மண்ணுக்கு மேலே அசைப்பாள், அதன் ஒலியைக் கேட்பாள், சின்னக் கரண்டியால் சேற்றை வழிப்பாள், குச்சி நடுவாள், ஒரு முழம் நகர்வாள். ஒருத்தி களைத்தால் மற்றவள் மாறுவாள். சேர் யாரையும் அவசரப்படுத்தவில்லை.

பரமேஸ்வரியிடம் மட்டும் வந்து மெல்லச் சொன்னார்: "தங்கச்சி, அவரோட கதைச்சுக்கொண்டிருங்கோ. இறங்க வேணுமெண்ட எண்ணம் அவருக்கு வரக்கூடாது."

அவள் கதைத்தாள். வெள்ளத்தில் தப்பிய கோழிகளின் கதை. மகளின் பள்ளிக்கூடச் சோதினை. கோயில் மடைப் படையலுக்கு யார் பொங்குவது. கதை முடிந்தபோது பழைய சண்டைகளை எடுத்தாள். "கல்யாணத்தண்டைக்கு உங்கட மாமி என்னைக் கறுப்பி எண்டு சொல்லேக்கை நீங்கள் ஏன் வாய் திறக்கேல்லை?" என்று கேட்டாள். அவர் அங்கிருந்து, "அதுக்கு இப்பவே மறுமொழி சொல்ல வேணும்?" என்றார். "ஓம், இப்பதான் சொல்ல வேணும். எங்க எழும்பிப் போவியள்?" என்றாள். அவள் குரல் கொஞ்சமும் ஆடவில்லை. மரத்தைப் பிடித்திருந்த கை மட்டும் பட்டையை உரித்துக்கொண்டேயிருந்தது.

அந்த நேரத்தில் சேர் என்னை ஜீப்புக்குள் இருத்தினார். "அந்த டெப்பில இருக்கிற எல்லாத்தையும் இப்பவே காகிதத்தில இறக்கும். பிறகு நெற்றே தொடாத ஒரு கணினியில ஏற்றுவம். பிறகு டிஸ்க்கில. இனி ஒவ்வொரு பின்னேரமும் இப்பிடித்தான். கிளவுட் விழுந்து எழும்பினா, முதல் ஒரே ஒரு திரையில திறந்து, டிஸ்க்கோட ஒப்பிட்டுப் பாத்து, நீர் சரியெண்டு சொன்னாப் பிறகுதான் மற்ற டெப்புகள் திறக்கும்." டிலானி கேட்ட விதி அந்த ஜீப்புக்குள் பிறந்தது. நான் புள்ளிகளை ஒவ்வொன்றாக எழுதினேன். எழுதும்போது வெளியே ஒரு சத்தத்துக்காக என் காது காத்திருந்தது. பேனை தாளில் கீறும் ஒலிக்கே துள்ளினேன்.

பின்னேரம் ஆகும்போது டிராக்டர் ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. பின்சில்லு சேற்றுக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. செல்வராசா ஆசனத்தை இறுக்கிப் பிடித்தார். "இது பிரளப்போகுது, நான் குதிக்கிறன்!" என்று அலறினார். ஜெசிந்தா அப்போது டிராக்டருக்குக் கிட்டே முழங்காலில் இருந்தாள். தலையைத் தூக்கவில்லை. மெல்லிய குரலில், "அண்ணை, எனக்கும் இரண்டு பிள்ளையள். நீங்கள் குதிச்சா நானும் போவன். அசையாதேங்கோ" என்றாள்.

அவர் அசையவில்லை. அழுதார். எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் ஜெசிந்தா கையை உயர்த்தினாள். வேலையை நிறுத்தும் சைகை அது. டிராக்டரின் மிதிபடிக்கு நேர் கீழே, கலப்பை புரட்டிப் போட்ட ஈரக் கட்டிக்குள், பச்சை நிறத்தில் வட்டமாக ஒரு மூடி தெரிந்தது. சில்லைப் பார்க்க இறங்கியிருந்தால் கால் விழும் இடம் அதுதான். சேர் பாதையில் நடந்து போய்க் குனிந்து பார்த்தார். அதைத் தொடாமல், சுற்றிக் குறியிட்டு, டிராக்டரின் பின்பக்கமாகப் பாதையைத் திருப்பச் சொன்னார். மீண்டும் கருவி, மீண்டும் கரண்டி, மீண்டும் குச்சி.

வெயில் சாயும்போது செல்வராசாவைப் பின்பக்கமாக இறக்கினார்கள். அவருக்குக் கால் மரத்துப்போய் நிற்க முடியவில்லை. ஜெசிந்தா முன்னால், சேர் பின்னால், நடுவில் அவர் குச்சிகளுக்கு நடுவே ஒரு குழந்தைபோல அடி வைத்து வந்தார். மருதமரத்தடிக்கு வந்ததும் பரமேஸ்வரி ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பாள் என்று நான் நினைத்தேன். அவள் அவருடைய முகத்தையே பார்க்கவில்லை. வரம்பில் குந்தி, அவருடைய காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, ஆறிப்போன தேத்தண்ணியை ஊற்றிச் சேற்றைக் கழுவினாள். விரல் விரலாகக் கழுவினாள். ஒரு கால் முடிந்ததும் மற்றக் காலை எடுத்தாள்.